ஒரே ஒரு லிஃப்ட் உள்ள கப்பல்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டாலும் எனக்குச் சொல்லமாட்டாய்.

போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே இரண்டு பேரும் கத்துகிறோம் என்று நீதான் இந்தக் கடித ஏற்பாட்டைக் கொண்டுவந்தாய். "எழுதித் தொலை, எழுதறப்பவாவது யோசிப்பே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். ஆகவே யோசித்து எழுதுகிறேன். வழியில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

மார்ச் மாதக் கடைசியோடு உனக்கு வேலையிலிருந்து ஓய்வு. உனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. என் வீட்டு மாடி இரண்டு வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. நல்ல வாடகைக்கு ஆள் வந்தார்கள், விடவில்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அத்தான் காலமான பிறகு நீ வந்து அந்த மாடியில் மூன்று மாதம் இருந்தாய். பிறகு ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். யார் மேல் தப்பு என்று ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

மாடிக்குக் குடிவா என்று இப்போது கூப்பிடவில்லை. கூப்பிட்டால் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு வாரம் ஒரே அறையில் இருந்து பார்ப்போம். ஒத்து வந்தால் மாடி. ஒத்து வராவிட்டால் நீ உன் ஊரில் இரு, நான் என் ஊரில் இருக்கிறேன், அதன் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரு வாரத்தை வீட்டில் வைத்துக்கொண்டால் இரண்டாம் நாளே நீ பெட்டியைத் தூக்குவாய். அதனால்தான் கப்பல். சுற்றுலாக் கப்பல், ஏழு இரவு. நடுக்கடலில் கோபித்துக்கொண்டு எங்கே போவாய்?

விளம்பரத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பதினாறு மாடி. நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, சறுக்கு மரம் எல்லாம் இருக்கிறது. அதையெல்லாம் விடு. இருபத்துநாலு லிஃப்ட் அக்கா. இத்தனை வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தும், ஒரே கூரைக்குக் கீழே இருபத்துநாலு லிஃப்டை நான் பார்த்ததில்லை. உன் முட்டி வலியோடு ஒரு படிகூட ஏற வேண்டாம்.

பதிவு செய்யும்போது தேவைப்படும் என்று என் அடையாள அட்டையின் நகலை வைத்திருக்கிறேன். உன்னுடையதையும் அனுப்பு.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

ஓய்வு பெறப் போகிறவள் நான். எங்கே போவது, எதில் போவது, எத்தனை லிஃப்டில் ஏறி இறங்குவது என்று முடிவு செய்து விளம்பரத் தாளும் அனுப்பிவிட்டாய். இரண்டு வருடத்தில் நீ துளிகூட மாறவில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

போன தடவை நடந்ததை எழுதத் தாள் போதாது என்கிறாய். எனக்கு நாலு வரி போதும். நீண்ட விடுப்பில் நான் உன் வீட்டில் இருந்தபோது, என்னைக் கேட்காமல் என் மேனேஜருக்குப் போன் போட்டு, "அக்கா இனிமே வேலைக்கு வரமாட்டாங்க" என்று சொன்னாய். எங்கள் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர் கூப்பிட்டு, "போயிட்டு வாங்கம்மா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று வாழ்த்துச் சொன்னபோதுதான் என் வேலை போன விஷயம் எனக்கே தெரிந்தது. அந்த வேலையைத் திரும்ப வாங்க நான் யார் யாரிடம் பல்லைக் காட்டினேன் என்று உனக்குத் தெரியாது.

சரி, அதை விடு. மாடியை நீ வாடகைக்கு விடவில்லை என்ற இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் துணி மடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

உன் பெரிய கப்பலைப் பார்த்தேன். கட்டில்மேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். ஓட்டலின் அடித்தளத்தில் ஆவிக்கும் சோப்பு வாடைக்கும் நடுவில் காலம் தள்ளியவளுக்கு அந்த அன்னத்தைப் பார்த்தால் மணிக்கட்டு வலிக்கிறது. மூவாயிரம் பயணிகள் என்று போட்டிருக்கிறது. ஒரு ஆளுக்குக் குளியலறைத் துண்டு, கைத்துண்டு, நீச்சல் குளத்துத் துண்டு என்று போட்டுப் பார். அந்தக் கப்பலில் நான் கடலைப் பார்ப்பேனா, துண்டைப் பார்ப்பேனா?

எங்கள் ஓட்டலில் தங்கிய ஒருவர் அறையில் விட்டுப்போன விளம்பரத் தாள் ஒன்று கிடைத்தது. சின்னக் கப்பல், கொஞ்சம் பழசு. நானூறு பேர்தான். தளத்தில் துணி நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒரு வாசக அறை இருக்கிறது. சாப்பாட்டு மேஜை இரண்டு பேருக்கு ஒன்று, ஏழு நாளும் அதே மேஜை. அறையில் வட்டமாக ஒரு ஜன்னல். சும்மா ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அனுப்புகிறேன். எனக்கு எதுவானாலும் சரி.

அட்டை நகல் இதோடு இருக்கிறது. வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை, ஞாபகம் வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 18

அக்காவுக்கு,

வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதையும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

நீ அனுப்பிய சின்னக் கப்பலை நன்றாகப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறு மாடிக்கு ஒரே ஒரு லிஃப்ட். மூன்றாவது படத்தில் ஒரு அம்மாள் தொப்பியோடு சிரிக்கிறாளே, அவள் தோளுக்குப் பின்னால் அதன் கதவு தெரிகிறது. இழுத்து மூடும் மடிப்புக் கதவு. அந்த மாதிரிக் கதவை எல்லாக் கட்டடத்திலும் கழற்றிப் போட்டுப் பல வருடம் ஆகிறது. நான் அந்தக் கப்பலில் ஏறினால் ஏழு நாளும் லிஃப்ட் குழிக்குள்தான் இருப்பேன்.

சும்மா சொல்லவில்லை. அவர்கள் அலுவலகத்துக்கே போன் போட்டு, லிஃப்ட் பிரேக்கைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டேன். போனை எடுத்த பெண் என் கேள்வியை அப்படியே திருப்பிச் சொன்னாள். பிறகு, "சார், உங்களுக்குக் கடல் தெரியற ரூம் வேணுமா, வேண்டாமா?" என்றாள். நான் மறுபடியும் பிரேக் என்றேன். அவள் மறுபடியும் கடல் என்றாள். வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "எனக்கு எதுவானாலும் சரி" என்று எழுதாதே. அதைப் படித்தால் நீ பெட்டி கட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. மேனேஜர் விஷயத்தை நாலு வரியில் எழுதிவிட்டாய். ஐந்தாவது வரி ஒன்று இருக்கிறது. அதற்கு முதல்நாள் சாயங்காலம், "அக்கா, வேலையை விட்டுட்டு இங்கேயே இருந்துடறியா?" என்று நான் கேட்டேன். நீ சரி என்று தலையை ஆட்டினாய்.

பெரிய கப்பலே நல்லது என்பது என் கட்சி. உன் கட்சியை எழுது. லிஃப்டுக்கு ஈடாக ஏதாவது சொல், பார்க்கலாம்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து உன் கூடத்து ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தேன். என் வாயில் நாலு குண்டூசி இருந்தது. நீ வாசற்படியில் நின்று கேட்டாய், கேட்ட வேகத்தில் கீழே இறங்கியும் போய்விட்டாய். வாய் நிறைய குண்டூசி வைத்திருப்பவள் தலையை ஆட்டாமல் வேறு என்ன செய்வாள்? ஊசியை எடுத்துவிட்டுப் பேசலாம் என்று மாடிப்படி வரை வந்தேன். உன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எந்தக் கட்டடத்திலோ லிஃப்ட் நின்றுவிட்டதாம்.

கட்சி கேட்டாயே. உன் பெரிய கப்பலில் போய்வந்த ஒரு குடும்பம் எங்கள் ஓட்டலில் தங்கியிருக்கிறது. அந்த அம்மாள் துணி கேட்டு லாண்டரிக்கே இறங்கி வந்தாள், அப்போது விசாரித்தேன். ரொம்ப ஜாலியாக இருந்ததாம். காலையில் ஆளுக்கொரு பக்கம் போனால் ராத்திரிதான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்களாம். ஒருநாள் முழுக்கத் தன் வீட்டுக்காரரைக் காணவே இல்லை என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் கூடச் சிரித்தேன்.

சின்னக் கப்பலில் படுக்கை விரிப்பு நல்ல பருத்தித் துணி. படத்திலேயே மடிப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் இதெல்லாம் ஒரு காரணமா என்று நீ கேட்பாய். இருபத்துநாலு லிஃப்டுக்கு முன்னால் ஒரு படுக்கை விரிப்பு எம்மாத்திரம்.

உனக்குப் பெரியதுதான் பிடித்திருக்கிறது. எதற்கு நான் குறுக்கே நின்று கெட்ட பெயர் வாங்கிக்கொள்ள வேண்டும். உன் இஷ்டம். உன் கடிதத்தில் 'சரி' வேண்டாம் என்றாய், அதனால் 'சரி' என்று எழுதவில்லை.

முட்டி கொஞ்சம் தேவலை.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து மறுபடி படித்தேன். 'உன் இஷ்டம்' என்று நீ எழுதும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று அங்கே உட்கார்ந்தே பார்த்துவிட்டேன். நான் கேள்வி கேட்ட லட்சணமும் குண்டூசிக் கதையால் தெரிந்தது.

அதனால் இந்தத் தடவை உன் வழிக்கே விட்டுவிட்டேன். இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் பயண ஏஜென்டிடம் போய் சின்னக் கப்பலில் அறை பதிவு செய்துவிட்டேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி கிளம்புகிறது. இரண்டு கட்டில், வட்ட ஜன்னல். ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு.

லிஃப்டைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன். நீ லிஃப்டில் வா, நான் படியில் வருகிறேன். இல்லை, அந்தக் கதவை நம்பி உன்னைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. நீயும் படியிலேயே வா. கையைப் பிடித்துக்கொள்கிறேன், மெதுவாக ஏறலாம்.

மனசு லேசாக இருக்கிறது. உனக்கு விட்டுக்கொடுப்பது இவ்வளவு சுகம் என்று முன்பே தெரிந்திருந்தால் எப்போதோ செய்திருப்பேன்.

தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. இன்று எனக்கு வார விடுமுறை. கடைத்தெருவில் இருக்கும் பயண ஏஜென்டிடம் போய் உன் பெரிய கப்பலில் அறை போட்டுவிட்டு வந்தேன். ஏப்ரல் ஒன்பது. பதினோராம் மாடி, பால்கனி வைத்த அறை, லிஃப்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தால் சத்தம் கேட்குமே அம்மா என்றார் அவர். அந்தச் சத்தம் கேட்டால்தான் என் தம்பிக்குத் தூக்கம் வரும் என்றேன்.

நீ ஆசைப்பட்டுக் கேட்டதற்கு நான் கடைசிக் கடிதத்தில் உம்மென்று எழுதிவிட்டேனோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நாளைக்கு நீ, "அக்கா வந்தா ஆயிரம் குறை சொல்லுவா" என்று சொல்ல இடம் வைக்கக்கூடாது. துண்டு அன்னத்தைக்கூட ஒன்றும் சொல்லமாட்டேன். கலைக்காமல் அப்படியே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

பார்த்தாயா, கேட்காமலே உனக்குப் பிடித்ததைச் செய்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் தபால் பையில் எங்கோ ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயிருக்கின்றன. இரண்டும் ஒரே தேதி. இப்போது நமக்கு இரண்டு கப்பலில் இரண்டு அறை இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் கிளம்புகின்றன. ஒன்று வடக்கே போகிறது, இன்னொன்று தெற்கே. வருகிற இருபதாம் தேதிக்குள் ஒன்றை ரத்து செய்யவேண்டும், அதற்குப் பிறகு முடியாது என்று ஏஜென்ட் சொல்கிறார். ஒரே ஆள் எப்படி சார் ரெண்டு கப்பல்ல போவீங்க என்று வேறு கேட்டார். என் அக்காவைக் கேளுங்கள் என்றேன்.

உண்மையைச் சொன்னால் முதலில் கோபம்தான் வந்தது. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தேன், அதிலும் நீ முந்திக்கொண்டாய். போனைக் கையில் எடுத்தேன். எடுத்தால் கத்துவேன் என்று தெரிந்ததால் வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

டீயைக் குடித்தபிறகு எழுதுகிறேன். நான் பெரிய கப்பல் கேட்டது லிஃப்டுக்காக இல்லை அக்கா. எனக்குப் பயம். சின்னக் கப்பலில் ஏழு நாளும் ஒரே மேஜை என்று எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மூன்றாம் நாள் நமக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போனால் என்ன செய்வது? நான் நாளெல்லாம் லிஃப்ட் கயிறோடும் மோட்டாரோடும் இருப்பவன். எனக்குச் சும்மா உட்கார்ந்து பேசத் தெரியாது. பெரிய கப்பல் என்றால் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு, ராத்திரி வந்து, "இன்னிக்கு என்ன பாத்தே" என்று கேட்டுக்கொள்ளலாம். அப்படியே ஒரு வாரம் சண்டையில்லாமல் ஓடிவிடும், நீயும் மாடிக்கு வந்துவிடுவாய் என்று மனசுக்குள் திட்டம் போட்டேன்.

எனக்கு நீ மாடிக்கு வரவேண்டும். வீட்டில் தண்ணீர் மோட்டாரைத் தவிர எதுவும் சத்தம் போடுவதில்லை. சாயங்காலம் வந்து விளக்கைப் போடும்போது மேலே நீ நடக்கும் சத்தம் கேட்கவேண்டும். இதுதான் விஷயம், சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன்.

இப்போது நீ சொல். 'சரி' வேண்டாம், 'உன் இஷ்டம்' வேண்டாம். உனக்கு என்ன வேண்டும்?

தம்பி


மார்ச் 16, ரயிலில்

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் தபால்தலை இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். வழக்கமான வழியில் அனுப்பினால் நீ அதற்குள் எந்தக் கப்பலை ரத்து செய்துவைப்பாயோ என்று பயம், அதனால் கையோடு கொண்டுவருகிறேன். நீ கதவைத் திறந்து வாயைப் பிளந்து நிற்பாய். இதை உன் கையில் திணித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரில்தான் இருப்பேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினால் வேறு எங்காவது போய்விடும், நம் கதைதான் தெரியுமே.

ரயில் ஆடுகிறது, எழுத்தும் ஆடும். பொறுத்துக்கொள்.

என்னைக் கேட்காமல் என் வேலையை விட்டுக்கொடுத்தாய். அதற்காக இரண்டு வருடம் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது என்னைக் கேட்காமல் உன் கப்பலை விட்டுக்கொடுத்திருக்கிறாய். நானும் உன்னைக் கேட்காமல் என்னுடையதை விட்டுக்கொடுத்திருக்கிறேன், அதோடு அதைப் பெருமையாகவும் எழுதியிருக்கிறேன். என் கடிதத்தின் கடைசி வரியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எதிரில் இருப்பவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போகாமல் பதிலுக்குக் காத்திருந்தாயே, அதற்காகவே சொல்கிறேன். எனக்குச் சின்னக் கப்பல் வேண்டும். படுக்கை விரிப்புக்காக இல்லை, அது சப்பைக்கட்டு. அந்த ஒரே மேஜைக்காகத்தான் வேண்டும். உனக்கு வியர்த்ததே, அதே மேஜை.

உன் வீட்டில் இருந்த மூன்று மாதமும் நீ விடிவதற்கு முன்னால் போவாய், இருட்டியபிறகு வருவாய். மேலே நான், கீழே நீ. வேளைக்குச் சாப்பாடு மூடிவைத்திருக்கும். எதிலும் குறை இல்லை. ஆனால் அத்தான் இல்லாத என் வீட்டில் இருந்ததைவிட உன் வீட்டில்தான் நான் அதிகம் தனியாக இருந்தேன். மேனேஜருக்குப் போன் போட்டது ஒரு சாக்கு. அது இல்லாவிட்டாலும் அந்த மாதமே நான் கிளம்பியிருப்பேன். இதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் உனக்கு எப்படித் தெரியும்?

உன் பெரிய கப்பலில் அந்த அம்மாள் வீட்டுக்காரரை ஒருநாள் முழுக்கக் காணோம் என்று சொன்னபோது நான் கூடச் சிரித்தது பொய்ச் சிரிப்பு. நீ இருபத்துநாலு லிஃப்டையும் பார்க்கப் போய்விடுவாய், நான் பால்கனியில் உட்கார்ந்திருப்பேன், அதற்கு எதற்குக் கப்பல் என்று தோன்றியது.

எனக்கு எதிரில் ஒரு ஆள் இருக்கவேண்டும். அவ்வளவுதான். பேசவேண்டும் என்றுகூட இல்லை. மூன்றாம் நாள் பேச்சு வராவிட்டால் நீ உன் மூக்குக் கண்ணாடியைத் துடை, நான் கைக்குட்டையை மடிக்கிறேன். அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடலாம். நாலாம் நாள் ஏதாவது வரும். வராவிட்டால் லிஃப்டைப் பற்றிச் சொல், கேட்டுக்கொள்கிறேன். மாடிக்கும் இதே பேச்சுதான். ஒரு வேளையாவது ஒரே மேஜையில் சாப்பாடு என்றால் நான் வருகிறேன்.

உனக்கு இது முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடு. கோபித்துக்கொள்ளமாட்டேன். நம்பவில்லையானால் என் கையைப் பார். கைப்பை மட்டும்தான் இருக்கிறது. தூக்கிக்கொண்டு கிளம்ப இந்தத் தடவை பெட்டியே கொண்டுவரவில்லை.

அக்கா


மார்ச் 16, அதே தாளின் பின்பக்கம்

எதிரில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு,

ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று எழுதிவிட்டு, உள்ளே வந்ததும் "இந்தத் திரையைக் கடைசியா எப்பத் துவைச்சே?" என்று கேட்டுவிட்டாய். அது நீ தைத்த திரை. இன்னும் மாட்டியிருக்கிறேன் என்பதைப் பார்த்தாய் அல்லவா, அது போதும்.

படித்துவிட்டேன். உடனே பேசினால் பேச்சு வேறு எங்காவது போய்விடும், அதனால் எழுதுகிறேன். என்னை அப்படிப் பார்க்காதே.

எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் சின்னக் கப்பல் எனக்கும் வேண்டும். பெரிய கப்பலை நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து உன் ஊர் ஏஜென்டிடமே போய் ரத்து செய்யலாம். சாயங்காலச் சாப்பாடு இனிமேல் கீழே, என் மேஜையில். அதில் ஸ்பேனரும் எண்ணெய் டப்பாவும் இருக்கின்றன, இப்போதே எடுத்துவிடுகிறேன். கப்பலில் அந்த லிஃப்டை ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்பேன், உன்னையும் கூட்டிக்கொண்டு.

இதெல்லாம் என் ஆசைதான், முடிவு இல்லை. முடிவு பண்ணுவதற்கு முன்னால் உன்னைக் கேட்கிறேன். வேலைக்குப் போன் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன். உன் வாயில் குண்டூசி எதுவும் இல்லையே?

போகலாமா அக்கா? பதில் எழுதவேண்டாம், வாயால் சொல்.